அலுமினிய ஜன்னல் ஓட மாட்டேங்குதா? நாமளே கழட்டித் தொடைக்கவா, ஆளக் கூப்பிடவா, யுபிவிசிக்கு மாறவா

எங்க வீடு மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கத்துல. மொட்டைமாடில நின்னா யானைமலை தெரியும், மேலூர் ரோட்டுல போற லாரித் தூசி பூராம் எங்க ஹால் ஜன்னல்லதான் வந்து படுக்கும். 2009-ல வீடு கட்டுனப்ப ஒம்பது ஜன்னல், பால்கனிக்கு ஒரு ஸ்லைடிங் கதவு, எல்லாமே அலுமினியம். போன ஆடிக் காத்துல அந்தக் கதவு பாதியில நின்னுக்கிச்சு, நானும் மகனும் சேந்து தள்ளியும் அசையல. வீட்ல உடனே "பேசாம இம்புட்டையும் கழட்டிப் போட்டுட்டு யுபிவிசி போட்ருவோம், எங்க மதினி வீட்டுல போட்ருக்காங்க, ஒத்த விரல்ல தள்ளுனா போகுது"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. யுபிவிசின்னா கெட்டி பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஜன்னல். எனக்கு மனசும் இல்ல, காசும் இல்ல. அதனால ரெண்டு மாசமா நாலு பேரக் கேட்டு, நானே ரெண்டு ஜன்னலக் கழட்டிப் பாத்து, நடுவுல கொஞ்சம் நாசமும் பண்ணி, கடைசியா ஒரு முடிவுக்கு வந்தேன். அதே குழப்பத்துல இருக்கவங்களுக்காக எழுதுறேன்.

மூணு வழிதான். நாமளே கழட்டிக் கழுவுறது, அலுமினிய வேலை பாக்குறவரக் கூப்பிட்டு அடிச் சக்கரமான ரோலரையும் கண்ணாடி ஓரத்து ரப்பரையும் மாத்துறது, இல்லைனா மொத்தத்தையும் எடுத்துட்டு யுபிவிசி. எதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலுக்கு என்ன நோவுன்னு தெரியணும்.

ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷ எடுத்து கீழ ஜன்னல் ஓடுற பள்ளத்த, அதான் ட்ராக்க, நல்லா தேச்சு வேக்குவம் வச்சு உறிஞ்சுங்க, வேக்குவம் இல்லாதவங்க பிரஷ்ஷாலயே கூட்டி அள்ளுங்க. மொதல்லயே தண்ணிய ஊத்திராதீங்க, தூசி சேறாகி ரோலருக்குள்ள போயி உக்காந்துக்கும். அப்புறம் தள்ளிப் பாருங்க. லேசா ஓடுனா அழுக்குதான் காரணம், செலவே இல்ல. டக்கு டக்குன்னு ஒரே தாளமா தட்டிக்கிட்டே வந்தா ரோலர் ஒரு பக்கம் தட்டையாயிருச்சுன்னு அர்த்தம், நைலான் ரோலர் மாசக்கணக்குல ஒரே எடத்துல நின்னா இப்படி ஆகும். கிரீச்சுன்னு உரசி கறுப்பா பொடி விழுந்தா ரோலர் தேஞ்சு போயி ஷட்டரோட, அதாவது கண்ணாடியோட சேந்து ஓடுற சட்டத்தோட, அடி நேரா ட்ராக்ல உரசுது, அதோட தள்ளித் தள்ளி ஓட்டுனா ட்ராக்கும் சேந்து போயிரும். எல்லா எடத்துலயும் நல்லா ஓடி ஒரே ஒரு எடத்துல மட்டும் இறுகுனா, கொத்தனார் செங்கல் வரிக்குக் கட்டுற மாதிரி ஒரு நூல ட்ராக் மேல இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்துப் புடிச்சுப் பாருங்க, நடுவுல சந்து விழுந்தா ட்ராக் வளைஞ்சிருக்கு. மேல் சட்டம் கீழ இறங்கியிருந்தாலும் இதே கதைதான். இந்தக் கடைசி நோவுக்கு மட்டும்தான் கழுவுறதும் ரோலரும் கேக்காது.

எங்க வீட்டுல பாத்தா ஒம்பது ஜன்னல்ல ஆறுக்கு வெறும் அழுக்கு, மூணுக்கு ரோலர். வளைஞ்சது ஒண்ணுகூட இல்ல. வீட்ல இதச் சொன்னதுக்கு "நீங்க அப்படித்தான் சொல்வீங்க"ன்னாங்க.

சரி, நாமளே செய்யுறதப் பத்தி மொதல்ல. இதுல எல்லாரும் மறக்குறது வெயிட்டு. கண்ணாடி 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் 2.5 கிலோ வரும், இந்தக் கணக்க வச்சுப் பாத்தா 2 அடிக்கு 4 அடி ஜன்னல் ஷட்டர்ல 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஏழரைக் கிலோதான், சட்டத்தோட சேத்தாலும் ஒரு ஆள் தூக்கிரலாம். ஆனா பால்கனிக் கதவு 3 அடிக்கு 7 அடி, 6 மில்லிமீட்டர் கண்ணாடின்னா கண்ணாடி மட்டுமே 29 கிலோ, சட்டம் தனி. வெயிட்டு மட்டுமில்ல, நெட்டையா இருக்கதால கையில நிக்காது, காத்து வேற அடிச்சா பாய்மரம் மாதிரி இழுக்கும். அதனால ஜன்னல்னா நாமளே, கதவுன்னா கண்டிப்பா ரெண்டு ஆளு, அதுல ஒருத்தருக்காவது வேலை தெரிஞ்சிருக்கணும். இத நான் கடைசி வரைக்கும் மாத்திக்கல.

கழட்டுறது கஷ்டமில்ல. உள்பக்க ஷட்டர மொதல்ல எடுக்கணும். ஷட்டரோட சைடுல அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள ஸ்க்ரூ இருந்தா அதுதான் ரோலர ஏத்தி இறக்குறது, அதத் திருப்பி ரோலர உள்ள இழுத்துக்கிட்டா ஷட்டர் கொஞ்சம் கீழ இறங்கும், அப்ப மேல தூக்க சந்து கிடைக்கும். சல்லிசான ரோலர்ல இந்த ஸ்க்ரூ இருக்காது. ரெண்டு கையாலயும் புடிச்சு நேரா மேல தூக்கி, அடிப்பக்கத்த நம்ம பக்கமா இழுத்தா வந்துரும். வரலைன்னா மேல் ட்ராக்ல ஒரு பிளாஸ்டிக் கட்டை ஸ்க்ரூ போட்டு நிக்கும், திருடன் வெளிய இருந்து தூக்கக் கூடாதுன்னு வச்சது, அதக் கழட்டிட்டுத் தூக்குங்க, திரும்ப மாட்டும்போது அதயும் மறக்காம போடுங்க. எது எந்த ஷட்டர்னு பென்சில்ல எழுதிக்கங்க, நான் எழுதாம விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பூராம் மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டு இருந்தேன்.

இனி எத வச்சுக் கழுவுறதுங்கறதுதான் பெரிய விசயம், நாசம் பண்ணேன்னு சொன்னேன்ல, அது இங்கதான். போர் தண்ணி பட்டுப் பட்டு ஃப்ரேம்ல வெள்ளை வெள்ளையா உப்புக் கறை. பாத்ரூம் டைல்ஸ்ல இதே கறைய ஆசிட் ஊத்தி எடுத்த ஞாபகத்துல, அதே ஆசிட்ட துணில நனைச்சு ப்ரவுன் கலர் ஃப்ரேம்ல தேச்சுட்டேன். உப்பு போச்சு, கலரும் போச்சு. இன்னைக்கும் கிச்சன் ஜன்னல்ல கை அளவுக்கு தேமல் மாதிரி நிக்குது, அதுக்கு மருந்தே கிடையாது.

ஏன்னா அலுமினியத்துக்கு மேல காத்து பட்ட உடனேயே ஆக்சைடு தோல் ஒண்ணு தானா உருவாகிரும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, அதுதான் உலோகத்தக் காப்பாத்துது. அத கரண்ட் விட்டு தடிமனாக்குறதுதான் அனோடைஸிங், வெளி வேலைக்கு 15-ல இருந்து 25 மைக்ரான் வரைக்கும் வைப்பாங்க. புளிப்பா காரமான்னு சொல்ற பி.எச் அளவு சுமாரா 4-க்கும் 8.5-க்கும் நடுவுல இருக்க வரைக்கும் இந்தத் தோல் அசையாது, அதுக்குக் கீழ புளிப்பு ஏறுனாலும் கரையும், மேல காரம் ஏறுனாலும் கரையும். ரெண்டு பக்கமும் ஆகாது. அப்பத்தா அலுமினியச் சட்டியில புளிக்குழம்பு வைக்க விடாது, "சட்டி குழம்புக்குள்ள எறங்கிரும்"னு சொல்லும், நாங்க சிரிப்போம். அதே சமாச்சாரம்தான் எனக்கு ஜன்னல்ல நடந்துச்சு.

அதனால ஆசிட், டாய்லெட் கிளீனர், வாஷிங் சோடா, துணி தொவைக்கிற பவுடர், தேய்க்கிற சபீனா எதுவும் ஃப்ரேம் பக்கமே வரக் கூடாது. கம்பி நார் வேணவே வேணாம், கீறுறதோட இரும்புத் துணுக்கு ஒட்டிக்கிட்டு அது வேற துரு புடிச்சு கறை விடும். அப்ப எதுதான் போடுறது? பாத்திரம் வெளக்குற லிக்விட் நாலு சொட்டு, அரை வாளி தண்ணி. அதுவும் இல்லைனா ஒத்த ரூவா ஷாம்பு பாக்கெட்டு, தலைக்குப் போடுற ஷாம்புவுல அவ்வளவு காரம் இருக்காது, ஃப்ரேமுக்கு சொகமா போகும். மெத்துன்னு துணி, கடைசில நல்ல தண்ணில அலசல், உடனே காஞ்ச துணியால ஒரு தொடைப்பு. வெயில் நேரா அடிக்கிற நேரம் செய்யாதீங்க, நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு சோப்புத் தண்ணி ஃப்ரேம்லயே காஞ்சு அதுவே கறையாயிரும். காலைல ஏழு மணிக்குள்ள, இல்ல சாயந்தரம்.

அலசுற தண்ணிக்கு ஒரு யோசனை. ஏசில இருந்து சொட்டுற தண்ணிய வாளியில புடிச்சு வைங்க, அது காத்துல இருந்த ஈரம் குளுந்து வர்றது, உப்பு கிட்டத்தட்ட இருக்காது, காஞ்சாலும் புள்ளி விழாது. ஆர்ஓ மெசின்ல வெளிய போற தண்ணி இதுக்கு நேர் எதிர், அதுல போர் தண்ணிய விட உப்பு ஜாஸ்தி, வீணாப் போகுதேன்னு அதுல கண்ணாடி கழுவாதீங்க, பக்கத்து வீட்டு சார் அப்படித்தான் ஒரு வருசமா கழுவிட்டு கண்ணாடி மங்கிருச்சுன்னு கடைக்காரரத் திட்டிக்கிட்டு இருந்தாரு.

கண்ணாடில ஏற்கனவே ஏறிப்போன உப்புக்கு மட்டும் வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி. இது புளிப்புதான், ஆனா கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது. துணிய நனைச்சு கண்ணாடில பத்து நிமிசம் ஒட்டி வச்சுட்டு பிளாஸ்டிக் கார்டால மெதுவா வழிங்க. வழிஞ்சு ஃப்ரேம்ல எறங்காம இருக்க கீழ ஈரத்துணி ஒண்ண மடிச்சு வச்சுக்கங்க, முடிஞ்ச ஒடனே ஃப்ரேம அலசிருங்க. எலுமிச்சம்பழமும் இதே வேலையச் செய்யும், கையெல்லாம் பிசுபிசுன்னு ஆகும், அம்புட்டுதான் வித்தியாசம். வருசக்கணக்கா ஏறி கண்ணாடியவே அரிச்சிருந்தா எதுக்கும் போகாது, பாலிஷ்தான் போடணும்.

உங்க ஃப்ரேம் அனோடைஸா, பவுடர் கோட்டிங்கா, ஒண்ணுமே போடாத வெறும் அலுமினியமான்னு தெரியலையா? பவுடர் கோட்டிங்னா பெயிண்ட் அடிச்ச மாதிரி கனமா மூடியிருக்கும், சாதாரணமா 60 மைக்ரானுக்கு மேல, கீறல்ல உள்ள வெள்ளி தெரியும். அனோடைஸ்னா உலோகத்தோட இழை தெரியும், ஆனா கலரும் இருக்கும். வெள்ளிக் கலர்லயே இருந்து சந்தேகம்னா கரண்ட் போகுதான்னு பாக்குற மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, அனோடைஸ் தோல் கரண்ட விடாது, வெறும் அலுமினியம்னா மீட்டர் கீங்குனு சத்தம் போடும். பவுடர் கோட்டிங் வெயில்ல வெளுத்து கைல மாவு மாதிரி ஒட்டுனா காருக்குப் போடுற வேக்ஸ் மெல்லிசா போட்டுத் தொடைச்சா கொஞ்சம் உயிர் வரும். தின்னர் மட்டும் போட்டுறாதீங்க, கோட்டிங் இளகிரும்.

இன்னொண்ணு, வீடு கட்டுனப்ப ஒட்டி வர்ற பிளாஸ்டிக் டேப்ப அழகா இருக்கேன்னு எடுக்காமலே விட்ருவோம், அது வெயில்ல வெந்து பசையா ஒட்டிக்கும். தேங்கா எண்ணெயத் தடவி அரை மணி நேரம் ஊற விட்டு கார்டால தள்ளுனா வரும், அப்புறம் லிக்விட் போட்டுக் கழுவிருங்க. பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிக்கும்போதும் இதே கவனம் வேணும். சுண்ணாம்பும் ஈர சிமெண்டும் பலத்த காரம், ஃப்ரேம்ல ஒரு சொட்டு விழுந்து ராத்திரி பூராம் காஞ்சா காலைல அது தழும்பு. பெயிண்டர்கிட்ட மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னா "அப்பறமா தொடச்சுக்கலாம்ணே"ம்பாரு, நம்பாதீங்க.

தேங்கா எண்ணெய்னதும் ஞாபகம் வருது, ட்ராக்குக்கு எண்ணெய் விடுற விசயம். இங்கதான் ஆளுக்கு ஒரு வைத்தியம். எங்க மாமா தேங்கா எண்ணெய், பக்கத்து வீட்டுல வெளக்கெண்ணெய், மெக்கானிக் தம்பி ஒருத்தன் கிரீஸ். மூணும் அன்னைக்கு வழுக்கும், ரெண்டு வாரத்துல நம்ம ஊரு தூசியக் குழைச்சு களி கிண்டி வச்சிரும். எங்க பால்கனிக் கதவு நின்னதுக்கே பாதிக் காரணம் மூணு வருசமா நான் விட்ட எண்ணெய்தான்னு கழட்டுனப்பதான் தெரிஞ்சது, ட்ராக்ல இருந்து கறுப்பா ஒரு கை நிறைய வழிச்சேன். டபிள்யூடி-40 எல்லார் வீட்டுலயும் இருக்கும், அதோட பேர்லயே தண்ணிய வெளியேத்துறதுக்கான 40-ஆவது முயற்சிங்கற அர்த்தம்தான் இருக்கு, சாதா நீலக் கேன் இறுகுனத எளக்கவும் பழைய பிசுக்கக் கரைக்கவும் நல்லது, ஆனா நாள்பட நிக்காது. அத அடிச்சுத் தொடைச்சுட்டு அதுக்கு மேல சிலிக்கான் ஸ்ப்ரே, காஞ்சு நிக்குற வகை, அதுதான் சரி. தூசி ஒட்டாது, ரப்பரையும் நைலானையும் கெடுக்காது. துணில அடிச்சு ட்ராக்ல தடவுங்க, நேரா அடிச்சா தரை டைல்ஸ்ல பட்டு வழுக்கி விழுவீங்க. ஸ்ப்ரே வாங்க மனசில்லைனா ஒரு மெழுகுவர்த்திய ட்ராக் மேல தேச்சு விடுங்க, எண்ணெய்க்கு அது எவ்வளவோ பரவாயில்ல. கொசுவலை ஷட்டரக் கழட்டி ஷாம்பு தண்ணில அலசுனா போதும், அதப் பத்தி எழுத வேற ஒண்ணுமில்ல.

ரெண்டாவது வழி, ஆள். நான் மூணு பேரக் கூப்பிட்டேன். மொத ஆளு ஜன்னலத் தொடக்கூட இல்ல, வாசல்லயே நின்னு "சார், இந்த மாடல் ரோலரெல்லாம் இப்ப வர்றதில்ல, மாத்திருங்க"ன்னாரு. ரெண்டாவது ஆளு வர்றேன் வர்றேன்னு வரவே இல்ல. மூணாவது வந்தவருக்கு அறுபது வயசு இருக்கும், ஒரு ஷட்டரக் கழட்டி ரோலர உருவி என் கைல குடுத்து "இதக் கொண்டு போயி டவுன் ஹார்டுவேர் கடைல காட்டுங்க தம்பி, இதே சைஸு, இதே அகலம், பேரிங் வச்சதா கேளுங்க"ன்னாரு. பழைய ரோலர கைல கொண்டு போனா கடைல பொருத்தமா எடுத்துத் தர்றாங்க, பேர் சொல்லிக் கேட்டா தப்பாத்தான் வருது.

ஆளக் கூப்பிட்டா ரோலரோட நிறுத்தாதீங்க. கண்ணாடி ஓரத்து ரப்பர் நம்ம வெயிலுக்கு விறைச்சு சுருங்கியிருக்கும், மூலைல அரை இஞ்ச் சந்து விட்டிருக்கும், மழைத் தண்ணியும் சத்தமும் அந்த வழியாத்தான் வருது. ஷட்டர் ஓரத்துல ஓடுற பிரஷ் மாதிரியான மயிர்ப்பட்டை, வூல் பைல்ம்பாங்க, அது தேஞ்சிருந்தா எம்புட்டுத் தொடைச்சாலும் தூசி உள்ள வரும். மாத்தும்போது பழசோட ஒசரத்துக்கே வாங்கணும், கூடுதலா இருந்தா ஷட்டர் இறுகும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா கேட்டு வாங்குங்க, சாதா இரும்பு ஸ்க்ரூ துருப்புடிச்சு அலுமினியத்தையும் அரிக்கும். இரும்புச் சக்கரம் வச்ச ரோலர் உறுதின்னு சிலர் சொல்வாங்க, அது தேயாது, ஆனா ட்ராக்கத் தேச்சுரும். ரோலர் மாத்தலாம், ட்ராக் மாத்தணும்னா செவுத்தத் தட்டணும்.

ஃப்ரேமுக்கும் செவுத்துக்கும் நடுவுல விரிசல் விட்டிருந்தா கொத்தனார் சிமெண்ட் பூசுறேம்பாரு, வேணாம்னு சொல்லுங்க. 8 அடி அலுமினிய ட்ராக் காலைக் குளுமைல இருந்து மத்தியான வெயிலுக்கு 30 டிகிரி சூடேறுனா கிட்டத்தட்ட 1.7 மில்லிமீட்டர் நீளும், தினமும் நீண்டு சுருங்கிக்கிட்டு இருக்க சாமானுக்கு ஓரத்துல சிமெண்ட் நிக்காது, சிலிக்கான் சீலண்ட் தான் கூடவே இழுபடும்.

மூணாவது யுபிவிசி. மதினி வீட்டுக்குப் போயி நானும் தள்ளிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. சத்தம் கம்மி, மத்தியானம் ஃப்ரேமத் தொட்டா கை சுடல, அலுமினியம் சூட்டக் கடத்துற அளவுல சுமாரா ஆயிரத்துல ஒரு பங்குதான் அது கடத்தும். உப்புக் காத்துக்கும் அரிக்காது. ஆனா அவங்க போட்டு இன்னும் ரெண்டு வருசம் ஆகல. புது ரோலர், புது ட்ராக், எந்த ஜன்னலும் ஒத்த விரல்லதான் போகும். அதுக்கும் கீழ ட்ராக் இருக்கு, தூசி விழும், ரோலர் தேயும், மழைத் தண்ணி வெளிய போற ஓட்டை அடைக்கும், ஸ்லைடிங்னா இதெல்லாம் கூடவே வர்றதுதான். வெயிலுக்கு அலுமினியத்த விட சுமாரா மூணு மடங்கு நீளும், பெரிய கதவுக்கு உள்ள ஸ்டீல் கம்பி கொடுத்துத்தான் நிறுத்துறாங்க, காச மிச்சம் புடிக்க அந்த ஸ்டீலக் கொறச்சுட்டா கதவு தொங்கும், வெளிய இருந்து பாத்து நம்மால கண்டுபுடிக்க முடியாது. சட்டமும் அகலமா இருக்கதால அதே ஓட்டைல வெளிச்சம் கொஞ்சம் கம்மியாகும். பழசக் கழட்டும்போது செவுரு உடைஞ்சு பூச்சு, பெயிண்ட்னு தனியா ஒரு செலவு, கொட்டேஷன்ல அது இருக்கான்னு கேளுங்க. ஒரு லாபம், கழட்டுன அலுமினியத்த பழைய இரும்புக்காரர் இரும்ப விட நல்ல வெலைக்கு எடுப்பாரு, ஃபிட்டிங் பண்றவங்களே "நாங்க அள்ளிட்டுப் போயிர்றோம்"னா சும்மா குடுத்துறாதீங்க.

புது வீடு கட்டுறவங்களுக்கு, பைபாஸ் ஓரமா சத்தத்துல இருக்கவங்களுக்கு நான் யுபிவிசி வேணாம்னு சொல்ல மாட்டேன். எங்க தங்கச்சி ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கற ஊருல இருக்கா, கடல் ரெண்டு தெரு தள்ளி. அங்க உப்பு அலுமினியத்த புள்ளி புள்ளியா குத்தி வச்சிருக்கு, ஒட்டியிருக்க ஸ்க்ரூ எல்லாம் பூத்துப் போச்சு. மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணில கழுவுனாத்தான் அங்க தாங்கும், அவளுக்கு மாத்துறதுதான் சரின்னு நானே சொன்னேன். மதுரைல நமக்குத் தூசியும் போர் தண்ணி உப்பும்தான் எதிரி, கடல் இல்ல. இங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா கழுவுனா போதும், ஆடி முடிஞ்சதும் ஒருக்கா கண்டிப்பா. 2009-ல போட்ட ஃப்ரேம் நூல் புடிச்சா நேரா நிக்கும்போது அத எதுக்கு ஒடைக்கணும்?

கடைசில நாங்க பண்ணது: ஆறு ஜன்னல நானும் மகனும் ரெண்டு ஞாயித்துக்கிழமைல கழுவுனோம். மூணு ஜன்னலும் பால்கனிக் கதவும் அந்தப் பெரியவர் ஒரே நாள்ல ரோலர், ரப்பர், வூல் பைல் மாத்திக் குடுத்தாரு. யுபிவிசி கொட்டேஷன்ல ஒரே ஒரு கதவுக்குப் போட்டிருந்த தொகைல எனக்கு மொத்த வேலையும் முடிஞ்சு மிச்சமும் இருந்துச்சு. வீட்ல இன்னும் முழுசா சமாதானம் ஆகல, கிச்சன் தேமலக் காட்டித்தான் பேச்சே ஆரம்பிக்குது.

ஒரு வேலை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க. ட்ராக்கோட வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், உள்ள விழுற மழைத் தண்ணி வெளிய போறதுக்கு. அதுல மண்ணு அடைக்கும், குளவி கூடு கட்டும், பல்லி முட்டை கிடக்கும். எங்க அப்பத்தா இருந்த வரைக்கும் குளவிக் கூட்டத் தொட விடாது, வீட்டுல புள்ள பொறக்கும்னு சொல்லும், அந்த வருசம் ஹால்ல தண்ணி வந்ததுதான் மிச்சம். துடைப்பக் குச்சியோ பழைய குடைக் கம்பியோ விட்டு ஓட்டையக் குத்தி எடுத்துட்டு, ஒரு செம்புத் தண்ணிய ட்ராக்ல ஊத்திப் பாருங்க. வெளிச் செவுத்துல வழிஞ்சு ஓடணும். ட்ராக்லயே நின்னுச்சுன்னா இன்னொரு ஓட்டையும் அடைச்சிருக்கு, அதயும் குத்துங்க.